நாலு வீட்டு முன்பணம்

பதுளை
1923, ஆடி 28

என் செல்லத் தங்கை லீலாவுக்கு அக்கா கனகம் எழுதிக்கொள்வது.

நானும் உன் அத்தானும் சுகம். அவருக்கு வழக்கமான இழுப்பு இருக்கிறது, மழை விட்டால் குறையும். உனக்கு வாந்தி நின்றதா? சோறு பிடிக்காவிட்டால் அவலை நனைத்து வெல்லம் போட்டுச் சாப்பிடு. வெறும் வயிற்றோடு மட்டும் இருக்காதே. உன் கடிதத்தில் மூன்று மாதம் என்று படித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த பிள்ளை அல்லவா.

ஒரு துக்கச் செய்தியும் உண்டு. எங்கள் வீட்டுக்காரர் வாஹித் நானா போன வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டார். நெஞ்சுச் சளி இரண்டு மாதமாக அவரைப் படுக்கையில் போட்டிருந்தது. இந்த வரிசையில் உள்ள நாலு வீடும் அவருடையவை. முதல் வீட்டில் நாங்களும் எங்கள் சாப்பாட்டுக் கடையும், அடுத்ததில் தையல்காரர் சிவஞானம், மூன்றாவதில் ரெங்கம்மா, கடைசியில் வண்டிக்காரர் அழகையா. நாலு குடும்பமும் அன்று உலை வைக்கவில்லை.

நாங்கள் குடிவந்தபோது பத்து மாத வாடகையை முன்பணமாகக் கட்டினோம். அதற்காக நான் என் சங்கிலியை விற்றது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "தங்கச்சி, இது வாடகை இல்ல. இது உங்க காசு. எங்கிட்ட அமானத்தா இருக்கு. வீட்டை விட்டுப் போற அன்னைக்கு எண்ணி வாங்கிக்கங்க" என்றார். அப்படிச் சொன்ன மனிதர் போய்விட்டார். அவர் மனைவி நளீரா உம்மா இத்தா இருக்கிறார்கள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வரமாட்டார்கள்.

பேறுகாலத்துக்கு நீ இங்கேதான் வரவேண்டும். அம்மா இல்லாத குறை உனக்குத் தெரியக் கூடாது. பின்னறையை உனக்காக வெள்ளையடித்து வைக்கப் போகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன்னையே நினைத்திருக்கும்
கனகம்

*

ஹல்துமுல்லை
ஆவணி 9

அக்காவுக்கு லீலாவின் வணக்கம்.

இங்கே சுகம். வாந்தி குறைந்து இப்போது பசி வந்திருக்கிறது. நடுச்சாமத்தில் எழுந்து பழைய சோறு தின்கிறேன் என்றால் நம்புவாயா? உன் கை எலுமிச்சை ஊறுகாய் வேண்டும் போல் இருக்கிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு. அத்தானுக்கு இழுப்பு எப்படி? தூதுவளை கொடுக்கிறாயா?

வாஹித் நானா செய்தி படித்து வருத்தப்பட்டேன். உன் வீட்டுக்கு வந்திருந்தபோது எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பியவர். நளீரா உம்மாவுக்கு என் ஆறுதலைச் சொல்.

உன் மாப்பிள்ளை மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. துணிக்கடையை வேலையாள் பார்க்கிறான். இவர் பண்டாரவளை, பதுளை என்று அலைகிறார். "ரயில் பதுளைக்கு வந்து நிக்கட்டும் லீலா, அப்புறம் பாரு அந்த ஊரை" என்கிறார். பதுளைக்கு வந்தால் உன் வீட்டில் சாப்பிட்டாரா என்று கேட்டால், நேரமில்லை என்று சொல்லிவிடுகிறார். அக்கா வீட்டைத் தாண்டிப் போக எப்படித்தான் மனம் வருகிறதோ!

பின்னறைக்கு வெள்ளையடிப்பதற்கு நீயே ஏணியில் ஏறிவிடாதே.

உன் அன்பு
லீலா

*

பதுளை
புரட்டாசி 14

லீலா கண்ணு, நலம்தானே? நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போன திங்கட்கிழமை நல்லையா என்று ஒருவர் வந்தார். கோட்டுப் போட்ட ஆள். நாலு வீட்டாரையும் வாசலுக்குக் கூப்பிட்டு, "இந்த வீடெல்லாம் கைமாறியாச்சு. வாஹித் முதலாளி படுக்கையில இருக்கும்போதே எழுதிக் குடுத்துட்டாரு. தை பொறக்கிறதுக்குள்ள எல்லாரும் காலி பண்ணிடணும்" என்றார்.

"வாங்கினது யாருங்க?" என்று அத்தான் கேட்டார்.

"அது உங்களுக்கு எதுக்கு? அவங்க ஆளு நான். எங்கிட்டப் பேசுங்க."

"அப்ப எங்க முன்பணம்?"

"யாருகிட்டக் குடுத்தீங்களோ அவருகிட்டக் கேளுங்க."

"அவருதான் மண்ணுக்குள்ள போயிட்டாரே!" என்றாள் ரெங்கம்மா.

"அப்ப அங்க போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். எப்படி இருக்கிறது பார்.

ரெங்கம்மாவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருஷன் செத்த பிறகு இரண்டு பெண்களோடு இங்கே வந்தாள். ரயில் பாதை வேலைக்காரர்களுக்குத் தோசை சுட்டு விற்கிறாள். தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் வளர்த்த பசுவை விற்றுத்தான் முன்பணம் கட்டினாள். "லயத்துல கங்காணி போன்னா போகணும். இது என் காசு கட்டின வீடு. என்னைய யாரும் போன்னு சொல்ல முடியாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், அன்று அடுப்பு மூட்டாமல் தோசைக்கல்லடியில் உட்கார்ந்திருந்தாள்.

ரயில் வரப்போகிறது என்று ஊரில் எல்லா வீட்டுக்கும் வாடகை ஏறிவிட்டது. வேறு வீடு கேட்டால் இரண்டு மடங்கு முன்பணம் கேட்கிறார்கள். கட்டினது கைக்கு வராமல் புதிதாக எங்கிருந்து கட்டுவது? இந்த வீட்டை வாங்கின பாவி யாரோ, அவன் பிள்ளைகுட்டி — மேலே எழுதியதை அடித்துவிட்டேன். நீ வாயும் வயிறுமாக இருக்கும்போது இப்படியெல்லாம் எழுதக் கூடாது. அடித்ததைப் படிக்க முயலாதே.

மாப்பிள்ளை நாலு இடம் போய்வருகிறவர், காணி விவகாரம் தெரிந்தவர். என்ன செய்யலாம் என்று கேட்டு எழுது. எலுமிச்சை ஊறுகாய் அழகையாவின் வண்டியில் வருகிறது. ஜாடியைப் பத்திரமாக வை.

கனகம்

*

ஹல்துமுல்லை
புரட்டாசி 26

அன்பான அக்காவுக்கு,

ஊறுகாய் வந்தது. பாதி தீர்ந்தும்விட்டது. உடம்பு சுகம்தான். வயிறு கொஞ்சம் தெரிகிறது. உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் படித்துக் காட்டினேன். முன்பணம் என்ற இடம் வந்ததும் இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். ரசம் கூட ஊற்றிக்கொள்ளவில்லை. பிறகு நான் வெற்றிலை கொண்டுபோனபோது, "ரசீது இல்லாத காசு காத்துல போன காசு. அக்காளை ரொம்பப் பேச வேணாம்னு எழுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். களைப்பாக இருந்திருக்கலாம்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். அந்த நல்லையா என்பவருக்கு இடது புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பு இருக்கிறதா? போன மாதம் அதே பெயரில், அப்படித் தழும்போடு ஒருவர் இங்கே வந்து இவரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் காப்பி கொடுத்தேன். நல்லையா என்ற பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். இருந்தாலும் எழுது.

லீலா

*

பதுளை
ஐப்பசி 5

லீலாக்கண்ணுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

ஆமாம், இடது புருவத்தில்தான் தழும்பு! அவரை மாப்பிள்ளைக்குத் தெரியுமென்றால் நல்லதாகப் போயிற்று. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல். முகம் தெரிந்தவர் சொன்னால் கேட்பார். எனக்கு அன்றிரவுதான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அதற்குள் நாங்களும் சும்மா இருக்கவில்லை. அத்தானும் சிவஞானமும் வழக்குப் பேசுகிற ஒரு பிறக்கிராசி ஐயாவிடம் போய்ச் சட்டம் கேட்டார்கள். "துண்டு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாராம். வாஹித் நானா ரசீதுத் துண்டு கொடுத்தவரும் இல்லை, நாங்கள் கேட்டவர்களும் இல்லை. "அப்ப கொடுத்ததைப் பார்த்த சாட்சி வேணும்" என்றாராம். பார்த்தது நளீரா உம்மா ஒருவர்தான். துக்க வீட்டில் போய்க் காசுப் பேச்சு எடுக்க எனக்கு வாய் வராது. அவர் இத்தா முடியட்டும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ரெங்கம்மாவுக்குக் கூட அது சரியென்றே பட்டது.

வெள்ளையடிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன். யார் வீடு என்று தெரியாமல் யாருக்காகச் சுண்ணாம்பு கரைப்பது? அதற்காக நீ கவலைப்படாதே. எந்த வீட்டில் நான் இருந்தாலும் உனக்கு ஒரு மூலை உண்டு.

தீபாவளிக்குப் பலகாரம் அதிகம் செய்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கால் வீங்குகிறதா? எழுது.

கனகம்

*

ஹல்துமுல்லை
ஐப்பசி 19

அக்காவுக்கு,

சுகம். சுகத்துக்கு எழுதவும்.

தீபாவளிக்கு உனக்குச் சேலையும் அத்தானுக்கு வேட்டியும் அனுப்பியிருக்கிறேன். சேலைக் கரை உனக்குப் பிடிக்குமென்று நானே எடுத்தேன். கால் கொஞ்சம் வீங்குகிறது. பிள்ளை துள்ளுகிறது.

இங்கே பனி அதிகம். வேறு விசேஷம் இல்லை. வீட்டு விஷயம் உன்னளவில் நல்லபடியாக முடியும். நல்லையா வந்து ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள் அக்கா. என்ன, ஏது என்று கேட்காதே. என் மேல் ஆணை.

லீலா

*

பதுளை
கார்த்திகை 2

தங்கை லீலாவுக்கு,

சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் உன் பேரில் அர்ச்சனை செய்தேன். அத்தான் வேட்டியை இன்னும் மடிப்பு கலைக்கவில்லை. உன் கடிதம் ஏன் அவ்வளவு சின்னதாக இருந்தது? கால் வீக்கம் வடிந்ததா?

நீ எழுதியபடியே நடந்தது, எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நல்லையா கடை பூட்டுகிற நேரத்தில் வந்து, என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார். "உங்க முன்பணம் பூராவும் இருக்கு. மத்தவங்களுக்குத் தெரிய வேணாம். அவங்க அவங்க பாட்டைப் பார்த்துக்கட்டும்" என்றார்.

மாப்பிள்ளைதான் பேசியிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். கையை நீட்டிவிட்டேன் லீலா, பொய் சொல்ல மாட்டேன். என் சங்கிலிக் காசல்லவா? அப்போது பார்த்து, பக்கத்து வீட்டில் ரெங்கம்மா நாளைய தோசைக்கு மாவாட்டுகிற சத்தம் கேட்டது. அவள் ஆட்டும்போது சின்னவள் மாவு தள்ளுவாள், இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்குக் கை கூசிவிட்டது.

"நாலு பேருக்கும் குடுங்க, நானும் வாங்கிக்கிறேன்" என்றேன்.

"அம்மா, கெடைக்கிறதை விடாதீங்க. எனக்கு இவ்வளவுதான் உத்தரவு."

"அப்ப உத்தரவு போட்டவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க, கனகம் வாங்கலைன்னு."

உன் ஆணையை மீறிவிட்டேன். மன்னித்துக்கொள். மாப்பிள்ளையிடமும் என் நன்றியைச் சொல். ஆனால் நாங்கள் மட்டும் காசை வாங்கிக்கொண்டு எழுந்து போனால், அந்த மூன்று வீட்டார் முகத்தை நான் எந்தத் தெருவில் பார்ப்பேன்?

மறுநாள் இது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. ரெங்கம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "ஏழை காசைத் தின்னவங்க குடும்பம் வெளங்காது, அவங்க வீட்டுல தொட்டில் ஆடாது" என்றாள். முகம் தெரியாதவரைத்தான் சொன்னாள், ஆனாலும் நான் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

உடனே பதில் எழுது.

கனகம்

*

பதுளை
மார்கழி 6

லீலா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இரண்டு தடவை புறப்பட்டேன். இரண்டு தடவையும் அத்தானுக்கு இழுப்பு வந்து நின்றுவிட்டேன். இப்போது நீ ஏன் எழுதவில்லை என்று தெரிந்துவிட்டது.

நளீரா உம்மாவுக்கு இத்தா முடிந்தது. முடிந்த மறுநாளே மகள் முஹ்ஸினாவை அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாய் திறக்கும் முன்பே அவர்களே பேசினார்கள்.

"கனகம், நீங்க யாரும் எங்கிட்ட வந்து கேக்காம இருந்தீங்களே, அத நான் மறக்கமாட்டேன். முஹ்ஸினா இப்பத்தான் எல்லாம் சொன்னா. அவரு வித்த அன்னைக்கு நான் கதவுக்குப் பின்னாலதான் இருந்தேன். நாலு வீட்டு முன்பணத்தையும் விலையில கழிச்சுத்தான் காசு குடுத்தாங்க. 'இது குடியிருக்கிறவங்க அமானத், அவங்க போகும்போது நீங்க குடுக்கணும்'னு அவரு ரெண்டு தடவை சொன்னாரு. வாங்கினவரு சரின்னாரு. எந்தக் கோர்ட்டுல கேட்டாலும் நான் வந்து சொல்லுவேன்."

"வாங்கினவரு யாரு உம்மா?" என்றேன்.

"ஹல்துமுல்லை துணிக்கடை முதலாளி ஜெயராசா. எழுதினது அவரு பொஞ்சாதி பேருக்கு. லீலாவதியாம்."

அவர்கள் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். நீ என் தங்கை என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அத்தானிடமும் சொல்லவில்லை. ரெங்கம்மா வாசலில் நின்று, "உம்மா என்னக்கா சொன்னாங்க? யாராம் அந்தப் பாவி?" என்று கேட்டாள். தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள் தூற்றின மண் யார் தலையில் விழுந்தது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உனக்கு முதலிலேயே தெரியுமா? அதை மட்டும் எழுது. முருங்கைக்கீரை சாப்பிடு. இது எட்டாம் மாதம்.

கனகம்

*

ஹல்துமுல்லை
மார்கழி 11

அக்கா,

நான் நலம், பிள்ளையும் நலம். உனக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான் என்று எனக்குத் தெரியும்.

முதலிலேயே தெரியாது. ஆனி மாதம் பண்டாரவளையில் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசு கந்தோருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "உன் பேருல ஒரு காணி வாங்குறேன். கடைக் கடன்காரங்க நாளைக்கு அதுல கை வைக்க முடியாது" என்றார். என் பேரில் காணி என்ற சந்தோஷத்தில் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். எந்த ஊர்க் காணி என்று கூடக் கேட்கவில்லை. நீ தழும்பு இருக்கிறது என்று எழுதின பிறகுதான் எனக்குச் சந்தேகம் உறுதியாகி அவரைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிட்டார்.

அக்கா குடியிருக்கிற வீடு என்று தெரிந்தும் எப்படி வாங்கினீர்கள் என்று அழுதேன். "விலைக்கு வந்துச்சு, வாங்கினேன். வியாபாரத்துல சொந்தம் பார்த்தா அரிசி வாங்க முடியாது" என்றார். முன்பணத்தை விலையில் கழித்ததை அவர் பேரம் என்று நினைத்துக்கொண்டார். அது தன் சாமர்த்தியம் என்றே நம்பினார். அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில், உனக்கு மட்டும் கொடுக்கச் சம்மதித்தார். எனக்கு அப்போது அது பெரிய காரியமாகத் தெரிந்தது. என் அக்கா பிழைத்தாள், போதும் என்று இருந்துவிட்டேன். மற்ற மூன்று வீட்டாரை நான் நினைக்கவே இல்லை.

நீ வாங்கவில்லை என்று எழுதினாயே, அதைப் படித்த பிறகு எனக்கு எழுத முகமில்லை. நீ அடித்துவிட்டதாகச் சொன்ன வரியை நான் அன்றே வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். பிள்ளை புரளும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். எத்தனையோ தடவை காகிதம் எடுத்து, சுகம் என்று எழுதி, மேலே ஓடாமல் கிழித்துப் போட்டேன்.

போன வாரம் அவர் ஒரு பத்திரத்தோடு வந்தார். நாலு வீட்டையும் இடித்துவிட்டுக் கிட்டங்கி கட்ட வேண்டும், ரயிலில் வரும் சரக்கை இறக்கி வைக்க. அதற்கு வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்க வேண்டும். என் பேரில் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் நடக்காது.

"போட மாட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்.

"நாலு வீட்டு முன்பணத்தையும் திருப்பிக் குடுங்க. அப்புறம் பேசலாம்."

"அக்காளுக்குக் குடுத்து அனுப்பினேனே, அவங்கதானே வேணாம்னாங்க?"

"அவ வேணாம்னது தனக்கு மட்டும்னா வேணாம்னு. வீடு என் பேருல இருக்குங்க. தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்துறவ உங்களைத் தூத்தலை, என்னையும் என் வயித்துல இருக்கிறதையும் தூத்துறா. அவ மேல எனக்குக் கோவம் கூட வரலை. அவ காசு நம்ம பெட்டியில இருக்கு."

பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் சமைத்து வைத்துவிட்டு ஒதுங்கி இருந்தேன். பயமாகத்தான் இருந்தது அக்கா. இவர் கோபித்துக்கொண்டால் நான் எங்கே போவேன், உன் வீட்டுக்கு வரக் கூட முகமில்லையே என்று இரவெல்லாம் விழித்திருந்தேன். நாலாம் நாள் உன் கடிதம் வந்தது. அவரே பிரித்துப் படித்தார். நளீரா உம்மா கதவுக்குப் பின்னால் இருந்தார்கள் என்ற இடத்தில் நிறுத்தினார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "மனுசன் ரெண்டு தடவை சொன்னாருதான். நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் இப்படிக் குரல் தாழ்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

முன்பணம் முழுவதையும் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். வீட்டையும் இடிக்கப் போவதில்லை. பின்னால் காலியாகக் கிடக்கிற நிலத்தில் கிட்டங்கி கட்டிக்கொள்வார், அந்த அளவுக்கு மட்டும் நான் கையெழுத்துப் போடுவேன். நீங்கள் நாலு பேரும் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம்.

ஆனால் அந்தக் காசு இனி எங்கள் கையில் இருக்க வேண்டாம் அக்கா. வீட்டுக்காரர் நல்லவராக இருந்தால் பத்திரம், செத்துப் போனால் போச்சு என்று இருப்பது நியாயமா? தபால் கந்தோர் சேமிப்பில் அவரவர் பெயரிலேயே போட்டுவிடலாம். புத்தகங்களை நளீரா உம்மா வைத்துக்கொள்ளச் சம்மதிப்பார்களா, கேட்டுப் பார். வீட்டை விட்டுப் போகிறவர்கள், உடைத்தது கெடுத்தது இல்லை என்றால், அன்றே புத்தகத்தை வாங்கிக்கொண்டு போகட்டும்.

நான் உன் வீட்டுக்கு வரலாமா? இதற்கு மட்டும் பதில் எழுது.

லீலா

*

ஹல்துமுல்லை
மார்கழி 20

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு ஜெயராசா எழுதுவது. இங்கு லீலா நலம். அங்கு தங்கள் நலமும் சகலை அண்ணன் வைரவநாதன் நலமும் அறிய ஆவல்.

தை மூன்றாம் தேதி பணத்தோடு வருகிறேன். நல்லையாவை அனுப்பவில்லை, நானே வருகிறேன். நாலு வீட்டாரும் இருக்கும்படி சொல்லவும். நளீரா உம்மாவிடம் நான் பேச வேண்டியது ஒன்று உண்டு, அவர்கள் மகள் மூலம் கேட்டு வைக்கவும்.

எனக்கு எழுத்தில் அதிகம் சொல்ல வராது. தங்கள் வீட்டில் அன்று ஒரு வேளை சாப்பிட அனுமதி உண்டா என்று தெரியவில்லை. இல்லையென்றாலும் வருத்தமில்லை.

ஜெயராசா

*

பதுளை
தை 5

என் தங்கமே லீலாவுக்கு,

நாங்கள் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகம். உன் கேள்விக்குப் பதில் எழுதாமல் இத்தனை நாள் வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது. நாலு வீட்டார் காசும் கைக்கு வந்த பிறகு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

மாப்பிள்ளை சொன்ன நாளில் வந்தார். வண்டியை விட்டு இறங்கி, வாசலிலேயே நின்றார். "வாங்க, கை கழுவுங்க" என்றேன். வாழைப்பூப் பொரியல் வைத்திருந்தேன், அவருக்குப் பிடிக்குமே. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அத்தானிடம் நான் எல்லாம் சொல்லியிருந்தேன், அவர் ரசத்தை இரண்டு தடவை ஊற்றினார்.

பிறகு எல்லாரும் நளீரா உம்மா வீட்டுக்குப் போனோம். திரைக்கு இந்தப் பக்கம் நின்று மாப்பிள்ளை சொன்னார்: "உம்மா, முதலாளி எங்கிட்ட ஒப்படைச்சதை நான் காப்பாத்தல. வீட்டுக்கு உடையவ என் பொஞ்சாதி, அவதான் குடுக்கச் சொன்னா. இப்பக் கொண்டுவந்திருக்கேன்." அதற்கு உம்மா, "அவரு ரூஹு போன எடத்துல சந்தோசப்படட்டும். புத்தகத்தை நான் வச்சுக்கிறேன். எனக்குப் பொறகு முஹ்ஸினா வச்சுக்குவா" என்றார்கள்.

தபால் கந்தோரில் ரெங்கம்மா கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரல் ரேகை வைத்தாள். புத்தகத்தில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இந்த வீட்டுக்காரம்மா யாரோ என்னமோ, மகராசி. அந்தம்மாவ ஒரு தடவை பார்க்கணும்க்கா. உங்களுக்குத் தெரியுமா அவங்கள?"

இத்தனை நாளும் உன் பெயர் இந்தத் தெருவில் வெளிவந்துவிடக் கூடாது என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சிவஞானம் வந்து பெயரைக் கேட்டபோது பேச்சை மாற்றினேன். அழகையா கேட்டபோது அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடினேன். அன்று ஓடவில்லை. தபால் கந்தோர் வாசலில், அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் சத்தமாகவே சொன்னேன்.

"தெரியும் ரெங்கம்மா. என் தங்கச்சி."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நான் தெருவுல நின்னு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேனே! தொட்டிலைச் சொன்னேனே!" என்று வாயில் அடித்துக்கொண்டாள். "உன் காசு அவ வீட்டுல இருக்கும்போது சொன்ன. இப்ப உன் காசு உன் பேருல இருக்கு. போ, போய்த் தோசைக்கு ஊறப் போடு" என்றேன். அவள் தோசைக்கு ஊறப் போடவில்லை. நேரே கோயிலுக்குப் போய், உனக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்தால் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துவிட்டு வந்திருக்கிறாள். பேறுகால மருந்துக்குச் சுக்கு இடிப்பது தன் பொறுப்பு என்று என்னோடு சண்டையும் போடுகிறாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது லீலா. இல்லை என்று எழுதமாட்டேன். நீ செய்ததற்காக அல்ல, அத்தனை பயத்தையும் அந்த வயிற்றோடு தனியாகச் சுமந்துகொண்டு எனக்கு எழுதாமல் இருந்தாயே, அதற்காக. அக்கா திட்டுவாள் என்று பயந்தாயாக்கும். திட்டத்தான் செய்திருப்பேன். திட்டிவிட்டு அடுத்த வண்டியில் ஏறி வந்திருப்பேன்.

நீ வரலாமா என்று கேட்டாயே, அதை நேரில் கேட்டிருந்தால் ஒரு குட்டு வைத்திருப்பேன். மாசி பிறக்கும் முன் வந்து சேர். அழகையா வண்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டு பண்டாரவளை ஸ்டேஷனுக்கு வருவார். காலை நீட்டி உட்கார்ந்து வா. பின்னறைக்கு நேற்று வெள்ளையடித்தாகிவிட்டது, நான்தான் ஏணியில் ஏறினேன்.

ஒரு விஷயம். அந்த அறைக்கு மேலே நாலு ஓடு உடைந்திருக்கிறது. வீட்டுக்காரி நீதான், ஆள் விட்டு மாற்றிக் கொடு. ஒழுகினால் நனையப் போவது உன் பிள்ளைதான்.

உன் குடியிருப்புக்காரி
கனகம் அக்கா